ஓரகத்தியின் முள்ளுக்குள் வளர்ந்த பாலை

என் ஓரகத்தி நிலத்தில் பாலை மரம் வளர்கிறது. என் நிலத்தில் அந்த உயரத்துக்கு ஒன்றும் இல்லை. இதை எழுதும்போதே வயிறு எரிகிறது. எரியவில்லை என்று பொய் சொல்ல எனக்கு வராது.

மணமேல்குடிக்கு மேற்கே ஒரு செம்மணல் மேட்டில் மாமனாரின் முந்திரித் தோப்பு இருந்தது. பாகம் பிரித்தபோது வடக்குப் பாதி எங்களுக்கு வந்தது, தெற்குப் பாதி ஓரகத்தியைக் கட்டிய கொழுந்தனுக்குப் போனது. இரண்டுக்கும் மேற்கு எல்லை ஐயனார் காடு. அதனால் அவளுக்குக் காடு பக்கம், எனக்குத் தூரம் என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை.

அந்தக் காட்டுக்குள் அரிவாளோடு போகக் கூடாது. உதிர்ந்த சுள்ளியைக்கூட அடுப்புக்கு எடுத்து வரக் கூடாது. அதனால்தான் அது இன்னும் காடாக இருக்கிறது. மேலே பாலை, அதற்குக் கீழே வீரை, அதற்கும் கீழே நீலமாகப் பூக்கிற காசான், ஓரமெல்லாம் காரை, சூரை முட்புதர்கள். வெளியே மணல் கொதிக்கும்போது உள்ளே கால் குளிரும். கல்யாணமாகி வந்த வருஷமே எனக்கு அதன்மேல் ஆசை. பக்தியெல்லாம் இல்லை. அப்படி ஒன்று எனக்கென்று வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு புயல் முந்திரியை எல்லாம் வேரோடு சாய்த்துவிட்டது. நான் உடனே ஜேசிபி விட்டுக் கட்டைகளைத் தோண்டி எடுத்தேன். எங்கள் ஊரில் ஒருவர் கொல்லையில் முள் மண்டினால், அந்தக் குடும்பம் நொடிந்துவிட்டது என்று பேசுவார்கள். அந்தப் பேச்சு வரவிடாமல் நிலத்தைத் துடைத்து வைத்தேன். கல்லுக்கால் ஊன்றிக் கம்பி வேலி போட்டேன். நர்சரிக் கன்றுகளை வரிசையாக நட்டேன். குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினேன்.

ஓரகத்தி எதுவும் செய்யவில்லை. கொழுந்தனுக்குத் திருச்சியில் வேலை. பஸ்ஸில் போய் வர வசதி என்று கீரனூரில் குடியேறிவிட்டார்கள். அவள் பாதியில் காரையும் சூரையும் இஷ்டத்துக்கு ஏறின. நான் போனில் கத்துவேன்.

"ஏன்டி, ஒங்க கொல்லை முள்ளு மண்டிக் கெடக்கு. எங்க பக்கம் பாம்பு வருது."

"வந்தா வெரட்டி விடுங்கக்கா. கீரனூர்ல இருந்து நான் எப்படி வெரட்டுறது?"

என் கன்றுகள் ஒவ்வொரு ஆடிக்காற்றிலும் மணலுக்குள் புதைந்தன, இல்லையென்றால் வேர் தெரிய நின்றன. தப்பியதைக் கோடை தின்றது. நான் மறுபடி நட்டேன். சுற்றி முளைத்ததையெல்லாம் பிடுங்கி எறிந்தேன்.

"இந்த நெலத்துல புல்லு மொளைக்கக்கூட ஒங்கிட்ட பர்மிஷன் கேக்கணும் போல" என்றார் என் வீட்டுக்காரர். அன்று அவருக்குச் சோறு போட்டேன், குழம்பு ஊற்றவில்லை.

போன வருஷம் ஐயனாருக்குப் பொங்கல் வைக்க ஓரகத்தி வந்தாள். தன் கொல்லைக்குள் போனவள், "அக்கா, இங்கிட்டு வாங்களேன்" என்று கூப்பிட்டாள்.

ஒரு காரைப் புதரைக் கம்பால் விலக்கிக் காட்டினாள். உள்ளே ஒரு பாலை, என் நெஞ்சு உயரம். நுனியைக் கிள்ளி எடுத்தது போன்ற, காட்டில் பார்த்த அதே இலை. அடுத்த புதரில் வீரை. அதன் காலடியில் காசான். கீழே சருகு மெத்தை மாதிரி கிடந்தது. கையை விட்டுப் பார்த்தேன், மணல் ஈரமாக இருந்தது.

"குருவி போட்ட வெதை போல. நான் ஒண்ணுமே பண்ணலக்கா."

அந்த 'ஒண்ணுமே'தான் எனக்குத் தாங்கவில்லை. பாடுபட்டு வளர்த்தேன் என்று சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

விஷயம் எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. காட்டில் பழம் தின்ற குருவி முள்ளில் வந்து உட்கார்ந்து எச்சம் போடுகிறது. முளைத்த கன்றுக்கு அந்த முள்ளே ஆட்டையும் வெயிலையும் காற்றையும் தடுக்கிறது. என் நிலத்தில் குருவி உட்கார என்ன இருந்தது? கல்லுக்கால்.

"ரெண்டு கன்னு தோண்டித் தரவா?" என்றாள்.

"ஒன் பிச்சை எனக்கு வேணாம்."

"அப்ப முள்ளை வெட்டாம விடுங்க. அது பிச்சை இல்லைல்ல?"

அந்த வருஷம் கொல்லையைச் சுத்தம் பண்ண வந்த ஆட்களைத் திருப்பி அனுப்பினேன். அதைப் பார்த்த பக்கத்துக் கொல்லைக்காரர், "என்னம்மா, கை வறண்டு போச்சா?" என்று கேட்டார். "ஆமா, ஒங்க வீட்டுக்குத்தான் ஒலை வைக்க வாரேன்" என்றேன்.

இந்த ஐப்பசியின் முதல் மழைக்குப் பிறகு, என் நிலத்துச் சூரைப் புதருக்குள் ஒரு பாலைக்கன்று நின்றது. சுண்டுவிரல் உயரம். கையெல்லாம் கீறிக்கொண்டு எட்டிப் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் தீபாவளிக்கு வந்த ஓரகத்தி, நான் குனிந்து நிற்பதைப் பார்த்துவிட்டு வேலிக்கு வந்தாள்.

"அட! எங்க கொல்லைக் குருவி வேலி தாண்டி வந்திருக்கு போலயே."

"ஒன் குருவின்னு நெத்தியில எழுதி ஒட்டியிருக்கா?"

"சரிக்கா, ஒங்க குருவிதான்" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

அவள் பாலை இப்போது என்னைவிட உயரம். அது பழுக்கும்போது என்னுடையது இடுப்புக்குக்கூட வராது. இருக்கட்டும். இலை மட்டும் என்னுடையதுதான் கூடுதல் பச்சை. சரிதானா என்று அவளைக் கூப்பிட்டுக் கேட்கப் போவதில்லை.