சர்வர் எழுந்திருக்கும் வரை

போர்ட் பிளேரில் கரண்ட் போவது யாருக்கும் செய்தியல்ல. உமா மகேஸ்வரிக்கு மட்டும் அது அரைநாள் வேலையைக் கெடுக்கும். பக்கத்துப் புரோத்ராபூரில் பிறந்து, மதுரையில் கம்ப்யூட்டர் படித்துத் திரும்பியவள், பழனியாண்டியின் ஸ்கேன் சென்டரில் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தாள். எல்லாருடைய ஸ்கேன் படங்களும் ஒரே சர்வரில். கரண்ட் பட்டென்று போனால், ஜெனரேட்டர் ஓடுவதற்குள் யூபிஎஸ் கைவிட்டுவிடும். மறுபடி எழும் சர்வர், தன் ஹார்ட் டிஸ்க் வட்டு முழுவதையும் சோதித்த பிறகுதான் வாயைத் திறக்கும். காலையில் ஆரம்பித்தால் மத்தியானம் தாண்டிவிடும்.

அன்றும் அப்படித்தான். பாராடாங் தீவிலிருந்து தலைச்சுற்றலோடு வந்திருந்த ஒச்சம்மா, ஸ்கேன் எடுத்துவிட்டு ரிப்போர்ட்டுக்காக உட்கார்ந்திருந்தாள்.

"அரே, அந்தச் செக்கிங்கை ஸ்கிப் பண்ணித் தொலையேம்மா!" என்றார் பழனியாண்டி.

"போன தடவை அப்படித்தானே சார் பண்ணச் சொன்னீங்க? ரெண்டு பேரோட படம் கெட்டுப்போச்சு. திரும்ப வரச்சொல்லி நான்தான் திட்டு வாங்கினேன்."

ரிப்போர்ட் வந்தபோது, ஜிர்காடாங்கிலிருந்து காட்டுவழியே பாராடாங்குக்கு வண்டிகள் சேர்ந்து கிளம்பும் கடைசி கான்வாய் போய்விட்டிருந்தது.

"இனி நாளைக்குத்தான் தாயி. எங்க தங்குறதுன்னு தெரியல" என்றாள் ஒச்சம்மா. அவள் கத்தியிருந்தாலாவது தேவலை. உமா அவளைத் தன் வீட்டுக்கே கூட்டிப்போனாள்.

அதற்குப் பிறகு உமாவால் சும்மா இருக்க முடியவில்லை. தோண்டிப் பார்த்தாள். ஒவ்வொரு படத்தின் துண்டுகளும் எங்கெங்கே கிடக்கின்றன என்ற குறிப்பை வட்டு தனிக் கட்டங்களில் வைத்திருந்தது. அந்தக் கட்டங்கள் படங்களுக்கு நடுவே மூலைக்கொன்றாக இறைந்து கிடந்தன. சோதனைக்கு முக்கியமாக வேண்டியவை அவைதான். ஒவ்வொன்றையும் தேடி, வட்டைப் படிக்கும் முனை இங்குமங்கும் ஓடியதில்தான் நேரம் போனது.

"பெரார்கஞ்சுல உப்பு, பாராடாங்ல புளின்னு அலையுது சார். எல்லாத்தையும் ஒரே பஜார்ல வச்சுட்டா சீக்கிரம் முடிஞ்சிரும். இடம் ஒதுக்குற முறையை மாத்தணும். படங்களை வேற டிஸ்க்குல காப்பி பண்ணிட்டு, இதை அழிச்சு, புதுசா அடுக்கணும்."

"அழிக்கிறதா? பாகல் ஆயிட்டியா? புத்தி கெட்டுப்போச்சா?"

அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று இழுத்தார். ஒருநாள் அவருடைய மைத்துனரே ஸ்கேன் எடுத்துவிட்டு அரைநாள் காத்துக்கிடந்து முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார். அந்த ஞாயிற்றுக்கிழமையே சென்டரை மூடச் சம்மதித்தார் பழனியாண்டி.

நகல் சரியாக இருக்கிறதா என்று உமா திரும்பத் திரும்பப் பார்த்தாள். பிறகுதான் பழையதை அழித்தாள். குறிப்புக் கட்டங்களை அருகருகே ஒதுக்கும் புது முறையில் வட்டைத் தயார் செய்து, படங்களைத் திரும்ப ஏற்றினாள்.

அடுத்த முறை கரண்ட் போய் வந்தபோது, காத்திருந்தவர்கள் டீ குடித்து முடிப்பதற்குள் சோதனை முடிந்திருந்தது. பழனியாண்டி திரையை எட்டிப் பார்த்தார்.

"இவ்ளோதானா? இதை முதல்லயே செஞ்சிருக்கலாமேம்மா!"

உமா திரையைத் தன் பக்கம் திருப்பினாள்.

"அடுத்த ஆளை உள்ள அனுப்புங்க சார்" என்றாள்.