தெருக்குழாயில் வந்த கங்கை

முதலில் சத்தம்தான் வரும். தெருக்குழாய் இரண்டு மூன்று தடவை கனைக்கும்... அப்புறம் பால் கம்மியான டீ நிறத்தில் தண்ணீர் பீறிட்டுக் கொட்டும். கூடவே ஆற்றுச் சேற்றின் வாசனை எங்கள் மூன்றாவது மாடி வரை ஏறி வரும்.

கல்கத்தாவில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் குழாயைத் தெரிந்திருக்கும். பாலிகஞ்சில் எங்கள் சந்தில் ஒன்று இருந்தது. தெருவைக் கழுவிவிடுவதற்காகக் காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை திறந்துவிடுவார்கள். மே மாத வெயிலில் சந்துக் குழந்தைகள் அத்தனை பேரும் அதற்கு முன்னால்தான். டிரைவர் வீட்டுப் பிள்ளைகள், இஸ்திரிக்காரரின் பெண்கள், எதிர் ஃபிளாட் டாக்டரின் மகன்கூட... டிக்கெட் கிடையாது, இத்தனை நிமிஷம் என்ற கணக்கும் கிடையாது.

நானும் தம்பி முரளியும் மட்டும் பால்கனியில் நின்றிருப்போம். எனக்குப் பன்னிரண்டு வயது, அவனுக்கு ஆறு. அப்பாவுக்கு பேங்க்கில் டிரான்ஸ்ஃபர் ஆகி, கும்பகோணத்திலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அந்தக் கோடையில் முரளிக்கு உடம்பெல்லாம் வேனல் கட்டி. கரண்ட் போய் ஃபேன் நின்றால் அழ ஆரம்பித்துவிடுவான். மாடிக்குத் தண்ணீர் ஏறுவதோ ஒரு வேளைதான், ஆளுக்கு ஒரு வாளி.

"அம்மா, கீழ போய்க் குளிக்கட்டுமா?" என்று அவன் கேட்காத நாள் இல்லை.

"சாக்கடைத் தண்ணிடா அது. கால வெச்சே, தோல உரிச்சுடுவேன்."

அம்மாவுக்கு வீட்டுக்குள் இருப்பது ஜலம், தெருவில் ஓடுவது தண்ணி. இரண்டும் ஒன்று சேரவே சேராது. ஜலத்திலும் ஒரு படி மேலே ஒன்று பூஜை அலமாரியில் இருந்தது. காசியிலிருந்து வந்த கங்கைச் சொம்பு. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், வாயை ஈயம் வைத்து அடைத்திருக்கும். வீட்டில் யாருக்காவது கடைசி மூச்சு இழுக்கும்போதுதான் அதை உடைத்து ஒரு சொட்டு விட வேண்டும். அதுவரை நாங்கள் அதைத் தொடக்கூடாது.

ஒரு நாள் அம்மா டாக்டரின் மனைவியிடம், அவளை மாஷிமா என்போம், குழாயைக் காட்டி முகம் சுளித்தாள். இந்த அழுக்கில் பிள்ளையை விடுகிறீர்களே என்று தன் அரைகுறை பெங்காலியில் கேட்டாள்.

மாஷிமா சிரித்துவிட்டாள். "ஓ மா! ஓ தோ கங்கார் ஜோல்!"

அம்மா என் பக்கம் திரும்பினாள். "என்னடி சொல்றா இவ?"

"கங்கைதாம்மா. ஆத்துலேர்ந்து அப்படியே பம்ப் பண்ணி விடறாளாம். ஸ்கூல்லயும் சொன்னா."

அன்று முழுக்க அம்மா பூஜை அலமாரிக்கும் பால்கனிக்குமாக நடந்துகொண்டிருந்தாள். அலமாரியில் ஈயம் வைத்த கங்கை, கீழே தெருக் கழுவுகிற கங்கை... பாவம், எதை எங்கே வைப்பது என்று தவித்துப்போயிருப்பாள்.

மறுநாள் காலை குழாய் கனைத்ததும் முரளியை உலுக்கி எழுப்பினாள்.

"எழுந்திருடா. ஜலம் வந்துடுத்து."

நானும் பின்னலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடினேன். அம்மா தண்ணீரைத் தொட்டுத் தலையில் தெளித்துக்கொண்டாள். பிறகு முரளியை உள்ளே தள்ளினாள். அவன் போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. நானும் ஒரு கால் எடுத்து வைத்தேன். அம்மா கையைப் பிடித்து இழுத்தாள்.

"நீ எங்கடி போறே? பெரியவளாயிட்டே. நடுத்தெருவுல நனைஞ்சுண்டு நிப்பியா? இந்தா, டவலப் பிடி."

பிடித்தேன். அந்தக் கோடை முழுக்கப் பிடித்தேன். இஸ்திரிக்காரரின் பெரிய பெண்ணுக்கும் என் வயதுதான், அவள் பாட்டுக்கு நனைந்தாள். நான் ஒரு சொட்டுகூட மேலே படாமல் தள்ளி நின்றேன். அவ்வளவு ரோஷம். முரளியின் கட்டிகள் ஆறின. என் ரோஷம் ஆறவில்லை, அப்புறமும் அந்தக் குழாய்ப் பக்கம் போனதே இல்லை.

அப்பா அதற்குப் பிறகு இந்த ஊரை விட்டுப் போகவில்லை. போன வருஷம் அதே ஃபிளாட்டில், ஒரு விடியற்காலையில், அம்மாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. முரளி கங்கைச் சொம்பை எடுத்து, ஈயத்தைக் கத்தியால் நெம்பினான். கவிழ்த்தான்...

ஒன்றும் வரவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஓட்டை எங்கேயோ இருந்திருக்கிறது. இத்தனை வருஷத்தில் மொத்தமும் காய்ந்துபோயிருந்தது.

அப்போது கீழே குழாய் கனைத்தது.

முரளி டம்ளரோடு படியிறங்கி ஓடினான். அவன் கொண்டுவந்ததில் நான்தான் விரலை நனைத்து அம்மாவின் உதட்டில் வைத்தேன். "ஜலம்மா" என்றேன். அந்தத் தண்ணீரை நான் தொட்டது அன்றைக்குத்தான், முதல் தடவையாக.

இப்போது இதே கல்கத்தாவில், சால்ட் லேக்கில் முரளி வீட்டுப் பக்கத்துப் பூங்காவில், நனைந்து விளையாடுவதற்கென்றே ஸ்ப்ளாஷ் பேட் திறந்திருக்கிறார்கள். வார நாட்களில் இலவசம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு மண்குவளை டீ விலைக்கு டிக்கெட். தரையிலிருந்தே தண்ணீர் பீச்சுகிறது. சுத்தமான தண்ணீர்தான், சேற்று வாசனை இல்லை, கொஞ்சம் குளோரின் வாசனை. அம்மாக்கள் சல்வாரோடு நனைகிறார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண்கள் அப்பாவோடு குதிக்கிறார்கள். யாரும் யார் கையையும் பிடித்து இழுக்கவில்லை.

பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. அம்மா மேல் கோபமும் வந்தது. போய்ச் சேர்ந்தவள் மேல் என்ன கோபம்... ஆனாலும் வந்தது.

நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மடியில் முரளியின் பெண் மீராவின் டவல். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். பழக்க தோஷம்.

"பிஷி, எஷோ!" என்று தண்ணீருக்குள்ளிருந்து கத்தினாள் மீரா. அவளுக்கு பெங்காலிதான் முதலில் வரும். நான் அசையாததைப் பார்த்துத் தமிழுக்கு மாறினாள். "அத்தை, வாங்கோ!"

செருப்பைக் கழற்றினேன். பக்கத்தில் போனைப் பார்த்துக்கொண்டிருந்த முரளியிடம் டவலை நீட்டினேன்.

"இந்தாடா. இப்போ நீ பிடி."