சுகர் லேண்டுக்கு வெயில் காயப் போனோம்

வெள்ளிக்கிழமை காலை ஐந்து மணிக்குப் பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் அபார்ட்மென்ட் வாசலில் நின்றபோது குளிர் பதினெட்டு டிகிரி. ஃபாரன்ஹீட் கணக்கு. நம்மூர்க் கணக்கில் மைனஸ் எட்டு. கணவர் பிரபு பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார். ஒன்பது வயது மகள் நிலா தூக்கக் கலக்கத்தில் என் கோட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் சும்மா நின்றேன். குளிர்காலத்துக்காக இந்த நாட்டில் நவம்பரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைத்ததிலிருந்து நான் பெரும்பாலும் அப்படித்தான் நின்றுகொண்டிருக்கிறேன்.

எனக்கு என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் விட்டதால் வந்த வினைதான் இந்தக் கட்டுரை முழுவதும். எனக்குக் குளிர்கால மனச்சோர்வு. இது மூன்றாவது வருடம். இருட்டில் கிளம்பி ப்ரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் ஏறி, இருட்டில் வந்து இறங்குகிறவளுக்கு டிசம்பர் பாதியில் குளிப்பதே பெரிய வேலையாகிவிடும். நிலா பேசுவது காதில் விழும், மனதில் ஏறாது. சிரிப்பும் வராது, அழுகையும் வராது. டாக்டர் மாத்திரை எழுதினார். மேசையில் வைத்துக்கொள்ளும் வெளிச்ச விளக்கு ஒன்றை வாங்கச் சொன்னார், எழுபது டாலர். காலையில் எழுந்ததும் வெளியே போய் நட என்றார், பிடிக்காவிட்டாலும் நட என்றார். இரண்டு வாரம் விடுப்பு எழுதித் தந்துவிட்டு, முடிந்தால் நாலு நாள் தெற்கே போய் வெயிலில் இரு என்றார். செவ்வாய்க்கிழமை நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். அதற்குள் கொஞ்சமாவது ஆளாகிவிட வேண்டும், இல்லாவிட்டால் இந்த வேலையை விட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். பன்னிரண்டு வருடம் படித்தும் உழைத்தும் சேர்த்த வேலை. அதற்காகத்தான் டெக்சாஸ்.

நியூவார்க் விமான நிலையம் முப்பத்தாறு மைல், வாடகைக் காருக்கு எண்பத்திரண்டு டாலர். ஓட்டுநர் எகிப்துக்காரர். இந்தக் குளிரில் எங்கே பயணம் என்று கேட்டார். எனக்குக் குளிர்காலத்தில் மனச்சோர்வு வரும், வெயிலுக்காகப் போகிறோம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். "நல்லது, நல்லது, நன்றாக வெயிலில் உட்காருங்கள்" என்றார் அவர். அவ்வளவுதான். முன்பின் தெரியாத மனிதரிடம், வேற்று மொழியில், அது மூச்சு விடுவதுபோல வாயில் வந்தது. பக்கத்திலிருந்த பிரபுதான் நெளிந்தார்.

விமானம் ஏறி உட்கார்ந்ததும் காரணம் தெரிந்தது.

"செந்தில்கிட்ட லாங் வீக்கெண்டுக்கு சும்மா வர்றோம்னு சொல்லியிருக்கேன். நீ பாட்டுக்கு அங்க போய் டிப்ரஷன் அது இதுன்னு ஆரம்பிச்சுடாத, சுதா."

"ஏன்?"

"அவன் காலேஜ் ஃப்ரெண்டு. ஊருக்குப் போன் போட்டா எங்கம்மா காதுக்குப் போயிடும். எதுக்கு வம்பு?"

எதுக்கு வம்பு. எங்கள் ஆட்கள் குடும்பம் நடத்துவது இந்த ஒரு சொல்லை வைத்துத்தான். சர்க்கரை வந்தால் ஊரைக் கூட்டிச் சொல்வார்கள். முட்டி தேய்ந்தால் எக்ஸ்ரேயை வாட்ஸாப் குழுவில் போடுவார்கள். மனசு தேய்ந்தால் மட்டும் 'சும்மா வந்தோம்'. எனக்கு அப்போது சண்டை போடத் தெம்பில்லை. சரி என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

நாலு மணி நேரம் பறந்து ஹூஸ்டனில் இறங்கினோம். வெளியே அறுபத்தெட்டு டிகிரி, நம்மூர்க் கணக்கில் இருபது. கதவைத் தாண்டியதும் வெயில் பளிச்சென்று முகத்தில் அடித்தது. கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு அப்படியே நின்றேன். இரண்டு நிமிடம் இருக்கும். செந்திலின் கார் வந்துவிட்டது. கறுப்புக் கண்ணாடி, உள்ளே ஏசி. "ஜனவரியிலயும் என்ன வெயில் பாருங்க, கொடுமை!" என்று சொல்லிக்கொண்டே, பின் சீட்டில் நிலா பக்கத்து ஜன்னலுக்கு வலைத்திரை ஒன்றை இழுத்து மாட்டினார். பாவம், அக்கறைதான்.

செந்தில் வீடு இருக்கும் சுகர் லேண்ட் அங்கிருந்து இருபத்தேழு மைல். ஃப்ரீவே நெரிசலில் ஐம்பது நிமிடம் ஆனது. கார் நேராகக் கராஜுக்குள் போய், கதவு பின்னால் மூடிக்கொண்டு, அங்கிருந்தே வீட்டுக்குள் ஏறினோம். நாலு படுக்கையறை, இரண்டு மாடி, ஜன்னலுக்குக் குறைவே இல்லை. அத்தனை ஜன்னலிலும் பிளைண்ட்ஸ், அதாவது கயிறு இழுத்து ஏற்றி இறக்கும் பட்டைத் திரை, இறங்கியிருந்தது. பகல் பதினொன்றரை மணிக்கு ஹாலில் மூன்று விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

செந்திலின் மனைவி ரேகா நல்ல பெண். இதைக் கோபத்திலும் மறக்காமல் எழுதுகிறேன். மருத்துவமனையில் வேலை, இரண்டு பையன்கள், இருந்தும் எங்களுக்காக முந்தின நாளே கொத்துப் பரோட்டாவுக்கு மாவு பிசைந்து வைத்திருந்தாள். சாப்பிட்டதும் நான் மெதுவாக ஒரு பிளைண்ட்ஸை ஏற்றினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, வந்து இறக்கிவிட்டாள்.

"சோஃபா கலர் போயிடும் சுதா. இந்த ஊர் வெயில் உங்களுக்குத் தெரியாது. வாங்க, காபி ஆறுது."

ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். பின்னாலேயே ஓடி வந்தாள்.

"ஐயோ, விருந்தாளிய வெளிய உக்கார வெச்சிட்டு நான் உள்ள இருக்கவா? பக்கத்து வீட்டு ஆன்ட்டி பாத்தா என்ன நெனைப்பாங்க? உள்ள வாங்க."

காரணத்தைச் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சொல்லக்கூடாதென்று உத்தரவு. பிரபுவைப் பார்த்தேன். அவர் கொத்துப் பரோட்டாவைப் புகழ்ந்துகொண்டிருந்தார். நாற்காலி என்னோடு உள்ளே திரும்பியது.

சனிக்கிழமை இன்னும் மோசம். வெளியே வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. நாங்கள் காலை பத்து முதல் மூன்று மணி வரை ஒரு மாலுக்குள் இருந்தோம். இதே மாதிரி மால் நியூ ஜெர்சியிலும் இருக்கிறது, அதே கடைகள், அதே ப்ரெட்ஸல் வாசனை. அதைப் பார்க்க ஆயிரத்து நானூறு மைல் பறந்து வந்திருக்கிறோம். வீடு திரும்பியதும் செந்தில் தன் பெருமையைத் திறந்து காட்டினார். மாடியில் சினிமா அறை. ஜன்னலே இல்லாத அறை. சுவருக்குக் கறுப்பு வண்ணம், தரைக்குக் கறுப்புக் கம்பளம்.

"ஒரு பொட்டு வெளிச்சம் உள்ள வராதுங்க. நானே டிசைன் பண்ணது."

டாக்டர் எனக்கு எதை விலக்கச் சொன்னாரோ அதை இந்த மனிதர் பதினாலாயிரம் டாலர் கொடுத்துக் கட்டி வைத்திருந்தார். விளக்கை அணைத்ததும் நிலா என் காதருகில் வந்து சொன்னாள்: "அம்மா, இட்ஸ் டார்க் ஹியர் டூ." அவளிடமும் நாங்கள் ஒன்றும் சொன்னதில்லை. குழந்தைக்குத் தெரிந்திருந்தது. அந்த இருட்டில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் யார் யாரையோ சுடுவதைப் பார்த்தேன். வெளியே வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது.

ஞாயிறு பதினோரு மணிக்குச் செந்தில் வீட்டில் பொங்கல் பொட்லக், வருகிறவர்கள் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் விருந்து. பண்டிகை முடிந்து நாளாகிவிட்டது, ஆனால் எல்லோருக்கும் தோதான ஞாயிறு இதுதான் என்றார்கள். ஏழெட்டுக் குடும்பம் வந்தது. பட்டுச்சேலை, வேட்டி, அலுமினியத் தட்டு நிறைய வடை. சமையல் மேடைமேல் மின்சாரக் குக்கரில் சர்க்கரைப் பொங்கல். அதன் கழுத்தில் மஞ்சள்கொத்து கட்டியிருந்தார்கள். மூடி இறுகப் பூட்டிய குக்கர், எங்கிருந்து பொங்கும்? அது 'பீப்' என்றதும் எல்லோரும் "பொங்கலோ பொங்கல்!" என்று கத்தினார்கள். பிறகு டிவியில் ஒரு சூரியன் படத்தைப் போட்டு, அதற்கு நேராகத் தலைவாழை இலை வைத்துக் கற்பூரம் காட்டினார்கள். பிளைண்ட்ஸ் எல்லாம் இறங்கியே இருந்தது. நிஜச் சூரியன் மூன்றடி தள்ளி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தது.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பின்கதவைத் திறந்துகொண்டு போய் வெறுங்காலோடு சிமென்ட் தரையில் நின்றேன். கண்ணை மூடி முகத்தைத் தூக்கினேன். பின்னாலிருந்து குரல் வந்தது. பக்கத்து வீட்டுச் சியாமளா ஆன்ட்டி.

"என்னம்மா வெயில்ல நிக்கறே? கறுத்துடுவே. இருக்கற கலரையாவது காப்பாத்திக்கோ, உள்ள வா."

உள்ளே போனேன். ஹால் நடுவில் நின்றேன்.

"ஆன்ட்டி, எனக்கு டிப்ரஷன். மூணு வருஷமா. மாத்திரை சாப்பிடறேன். வெயில்ல உக்காரணும்னு டாக்டர் சொல்லித்தான் இங்க வந்தோம், சும்மா வரல. மூணு நாளா மால்ல உக்காந்தேன், சினிமா ரூம்ல உக்காந்தேன். சூரியனுக்குப் படைக்கறீங்க, சூரியன் வெளிய நிக்குது. கறுத்தா கறுத்துட்டுப் போறேன், விடுங்க!"

குரல் உயர்ந்துவிட்டது என்பது பிரபுவின் முகத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அவர் கையில் வடை அப்படியே இருந்தது. பிறகு வழக்கம்போல ஆரம்பித்தார்கள். தியானம் பண்ணு என்றது ஒரு குரல். நம்மிடம் எவ்வளவோ இருக்கிறது, அதை நினைத்துப் பார் என்றது இன்னொன்று. பிஸியாக இருந்தால் இதெல்லாம் வராது என்றார்கள். சியாமளா ஆன்ட்டியின் வீட்டுக்கார அங்கிள் சோஃபாவில் சாய்ந்தபடியே சொன்னார்: "இட்ஸ் ஆல் இன் த மைண்ட்மா."

"ஆமா அங்கிள், மைண்ட்லதான். அதனாலதான் மைண்ட் டாக்டர்கிட்ட போறேன். உங்களுக்கு முட்டில வலின்னா ஆல் இன் த முட்டின்னு விட்டுடுவீங்களா?"

யாரோ ஒரு பெண் சிரித்தாள், உடனே அடக்கிக்கொண்டாள். அப்போதுதான் ரேகா கரண்டியோடு சமையல் மேடையிலிருந்து வந்தாள். அவள் கண்ணிலும் கோபம்.

"இத வெள்ளிக்கிழமையே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? மூணு நாளா நாற்காலியப் பிடுங்கிப் பிடுங்கி உள்ள கொண்டு வந்தேனே! நான் என்ன அந்நியமா?" பிறகு பிரபுவிடம் திரும்பினாள். "அண்ணா, உங்களுக்கு அறிவில்ல? எங்களுக்கு ஏசி பில்லுதான் போகும். இவளுக்கு என்ன போயிருக்கும்?"

ரேகா ஒவ்வொரு ஜன்னலாகப் போய்ப் பிளைண்ட்ஸை இழுத்தாள். கயிறு கரகரவென்று சத்தம் போட்டது. அந்தப் பழுப்பு சோஃபாமேல் வெயில் தாராளமாக விழுந்தது, அங்கிள் கண் கூசி எழுந்தார். என் இலையை எடுத்துக்கொண்டு நான் பின்கட்டுக்குப் போனேன். ரேகா வந்தாள், நிலா வந்தாள், சிரித்த அந்தப் பெண்ணும் வந்தாள். மற்றவர்கள் உள்ளேதான் சாப்பிட்டார்கள், சாப்பிடட்டும். பொங்கலில் நெய் அதிகம். நான் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினேன். எனக்குப் பசி எடுத்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது.

திங்கட்கிழமை காலை ஏழேகாலுக்கு அறைக் கதவை ரேகா தட்டினாள். "எந்திரிங்க, சூரியன் வந்தாச்சு. டாக்டர் சொன்னத இன்னிக்காவது பண்ணலாம்." எனக்குப் பிடிக்கவில்லை. போர்வை கனமாக இருந்தது. 'பிடிக்காவிட்டாலும் நட' என்று சொன்ன டாக்டரைத் திட்டிக்கொண்டே எழுந்தேன். அவர்கள் குடியிருப்புக்குள் ஒரு ஏரி, சுற்றிவர ஒன்றரை மைல். ஏழு வருடமாக அங்கே இருக்கிறாள், காலையில் அதைச் சுற்றுவது அன்றுதான் முதல் முறையாம். பையனின் கணக்கு வாத்தியாரைப் பற்றி வழியெல்லாம் திட்டினாள். நானும் சேர்ந்து திட்டினேன். ஒரே நடையில் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். திரும்பி வந்து யாரும் சொல்லாமலே குளித்தேன், அதுதான் உண்மை.

மதியம் இரண்டரைக்கு விமானம். நியூவார்க்கில் இறங்கி வீட்டுக்கு வரும்போது ஒன்பது மணி, ஃபாரன்ஹீட்டில் இருபது டிகிரி, தெருவோரமெல்லாம் அழுக்குப் பனி. டெக்சாஸ்காரர்கள் வெயிலுக்கு பயந்து பிளைண்ட்ஸை இறக்குகிறார்கள், நாங்கள் குளிருக்கு பயந்து இறக்குகிறோம். ஜெர்சியோ சுகர் லேண்டோ, நம் ஆட்கள் வீட்டுக்குள் வெளிச்சம் ஒன்றுதான். ஊரைக் குறை சொல்லி என்ன பயன்? மூன்று நாளை எனக்கு வீணாக்கியது ஹூஸ்டன் அல்ல. 'சும்மா வந்தோம்' என்கிற அந்த மூன்றெழுத்தும் நாலெழுத்தும்தான். இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் தணியவில்லை. தணியவும் வேண்டாம். நவம்பரிலிருந்து எனக்குள் வந்த முதல் உணர்ச்சி அதுதான், அதை ஏன் விரட்ட வேண்டும்?

செவ்வாய்க்கிழமை காலை, ரயிலுக்குக் கிளம்புமுன், பல்லைக் கடித்துக்கொண்டு அபார்ட்மென்டைச் சுற்றி நடந்தேன். பார்க்கிங்கில் எதிர்வீட்டு ஹேமா கார்க் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அவளோடு எனக்கு லிஃப்ட் பழக்கம்தான், வணக்கத்துக்குமேல் பேசியதில்லை.

"என்னங்க, நாலு நாளா ஆளக் காணோம்? வெகேஷனா?"

"இல்லங்க. எனக்குக் குளிர்காலத்துல டிப்ரஷன் வரும். டாக்டர் சொல்லி வெயில் காய டெக்சாஸ் போயிருந்தோம்."

அவள் சுரண்டுவதை நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். பிறகு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். அந்தக் குளிரில் பார்க்கிங்கில் எங்கள் இருவரைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை. இருந்தும் குரலை இறக்கிக்கொண்டு, பக்கத்தில் வந்து கேட்டாள்.

"அந்த டாக்டர் நம்பர் கொஞ்சம் குடுக்க முடியுமா?"