கால் கட் ஆன மத்தியானம்

செருப்புக் கடையில் அவருக்கு ‘எட்டரை’ என்று பெயர். வாசலில் ஆள் ஏறும்போதே காலைப் பார்த்து, “எட்டரை!” “ஆறு!” என்று உள்ளே குரல் கொடுப்பார். பெட்டி வந்து சேர்வதற்குள் வந்தவரை உட்கார வைத்து, மண்டியிட்டு, அவர் பாதத்தைக் கையில் ஏந்தியிருப்பார். முதலாளியிலிருந்து காவலாளி வரை எல்லாருக்கும் அவர் எட்டரைதான். மனைவி மட்டும், “கடையிலதான் எட்டரை. வீட்டுக்கு வந்தா ஏழரை” என்பாள்.

ஊரார் பாதத்தையெல்லாம் தாங்கியவர் தம் பாதத்தைக் குனிந்து பார்த்ததில்லை. சர்க்கரை வியாதி அவர் கால்களிலிருந்த உணர்ச்சியை மெல்ல மெல்ல வழித்துக்கொண்டு போயிருந்தது. ஒருமுறை ஷூவுக்குள் ஆணி ஏறியது தெரியாமல் நாள் முழுக்க நடந்து, கடைசியில் வலது கால் சுண்டுவிரலை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு வந்தார். “இன்னொரு புண் வந்தா விரலோட நிக்காது” என்று டாக்டர் எச்சரித்தார்.

கூடவே ஒரு பலகையும் கொடுத்தார்கள். பார்க்க எடை மிஷின் மாதிரி இருக்கும். காலையில் வெறுங்காலோடு ஏறி நின்றால் போதும். உள்ளங்காலில் எந்த இடம் எவ்வளவு சூடு என்று அளந்து, அதுவே ஆஸ்பத்திரி நர்சுக்கு அனுப்பிவிடும். ஒரு காலில் ஓரிடம் மட்டும் மறு காலைவிடத் தொடர்ந்து சூடாக இருந்தால், தோலுக்கு அடியில் புண் அடுப்பு மூட்டத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அது வெளியே வெடிப்பதற்குள் நர்ஸ் போன் செய்வாள்.

செய்தாள். “சார், இடது கட்டைவிரலுக்குக் கீழே சூடு ஏறுது. நடக்கிறதைக் குறைச்சுக்கிட்டு, வந்து காட்டிட்டுப் போங்க.”

எட்டரை யாரிடமும் வாய் திறக்கவில்லை. கடைக்குப் புதுக் கிளை திறக்கப் போகிறார்கள். அதற்கு அவர்தான் மேனேஜர். அந்த நாளுக்கென்றே முனை கூரான, கண்ணாடியாய்ப் பளபளக்கும் ஷூ ஒன்றை வாங்கிப் போட்டுப் பழக்கிக்கொண்டிருந்தார். ‘விரலுக்கு இடம் விட்டு வாங்குங்க’ என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்யும் வாய்தான் அது! இந்த நேரத்தில் காலை நீட்டிப் படு என்றால் முடியுமா? மறுநாள் விடிந்ததும், வேலை தேடி வந்து வீட்டோடு தங்கியிருந்த மனைவியின் தம்பியை எழுப்பினார்.

“மாப்ளே, இதுல கொஞ்சம் ஏறி நில்லு.”

“எனக்குத்தான் சர்க்கரையே இல்லையே மாமா?”

“அதனாலதான்டா ஏறச் சொல்றேன். உங்க அக்காகிட்ட மூச்சு விடாதே.”

மாப்பிள்ளை தினமும் ஏறி நின்றான். எட்டரை தினமும் கூர்முனை ஷூவில் கடைக்குப் போனார். நர்ஸ் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. ஒரு மத்தியானம் அவள் வீட்டுக்கே கூப்பிட்டாள்.

“அம்மா, சாருக்கு வாழ்த்து சொல்லுங்க. எடுத்த சுண்டுவிரல் திரும்ப முளைச்சிருக்கு!”

“முளைச்சிருக்கா? அது என்ன செடியாம்மா?”

“பலகையில ரெண்டு கால்லயும் அஞ்சஞ்சு விரல் தெரியுதும்மா. சாருக்குப் பதிலா வேற யாரோ ஏறி நிக்கிறாங்க. சாரோட நிஜக் கால் எந்த நிலைமையில இருக்குன்னே எங்களுக்குத் தெரியல. இன்னிக்கே அவரை…”

அத்தோடு லைன் போய்விட்டது. கணவருக்கு அடித்தாள், எடுக்கவில்லை. பதறிப்போய், கடைக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த கணவரின் அக்காவைக் கூப்பிட்டாள்.

“அண்ணி, ஆஸ்பத்திரியிலேருந்து அவர் காலைப் பத்திப் பேசிட்டிருந்தாங்க. திடீர்னு கால் கட் ஆயிடுச்சு!”

அதற்குமேல் அக்காவின் காதில் எதுவும் ஏறவில்லை. “ஐயோ, என் தம்பி கால் போச்சே!” என்று அலறியபடி, எந்த ஆஸ்பத்திரி என்றுகூடக் கேட்காமல், முதலாளிக்குத் தெரிந்திருக்கும் என்று கடைக்கு ஓடினாள்.

“முதலாளி, என் தம்பி காலை எங்கேங்க வெட்டினாங்க?”

“காலையா?” முதலாளி நாற்காலியில் தொப்பென்று விழுந்தார். “காலையிலகூட நல்லாத்தானேம்மா வந்தான்!”

அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு தலை எழுந்தது. கையில் யாருடைய ஷூவோ இருந்தது. “என்னக்கா?”

அக்கா அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். “ஒண்ணு… ரெண்டு… ரெண்டும் இருக்கேடா பாவி!” ஆனந்தத்தில், கைக்குக் கிடைத்த காலிப் பெட்டியால் அவர் முதுகில் சாத்து சாத்தென்று சாத்தினாள். அதற்குள் மனைவியும் வந்துவிட்டாள். வீட்டிலேயே தம்பியின் காதைத் திருகி விஷயத்தைக் கறந்திருந்தாள். அதே காதைப் பிடித்தபடி அவனையும் இழுத்து வந்திருந்தாள்.

“ஷூவைக் கழட்டுங்க.”

“கஸ்டமர் இருக்காங்க இல்ல?”

“நான் கழட்டிட்டுத்தானே உட்கார்ந்திருக்கேன்?” என்றார் ஒற்றைக் காலில் ஷூ இல்லாத அந்த வாடிக்கையாளர். “நீங்களும் கழட்டுங்க, சும்மா.”

கடையே குலுங்கிச் சிரித்தது. அக்காவும் சிரித்துக்கொண்டேதான் குனிந்து அவர் பாதத்தைக் கையில் எடுத்தாள். சட்டென்று சிரிப்பு நின்றது. கட்டைவிரலுக்குக் கீழே தோல் சிவந்து தடித்திருந்தது.

“டேய், அடுப்புக் கல் மாதிரி கொதிக்குதுடா. உனக்குத் தெரியலையா?”

“தெரியலக்கா” என்றார். அப்போதுதான் அவருக்கே பயம் வந்தது.

எல்லாருமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நர்ஸ் விளக்கைத் திருப்பி, பாதத்தை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தாள்.

“தோல் இன்னும் உடையல சார். காலைக் கீழே ஊணாம இருந்தீங்கன்னா காப்பாத்திடலாம்.”

முதலில் சிரித்தது யார் என்று தெரியாது. காது சிவந்த மாப்பிள்ளையாக இருக்கலாம். முதலாளி கண்ணைத் துடைத்தபடி, “உட்கார்ந்தே கிளையைத் திறடா. நின்னா அவன் சேல்ஸ்மேன், உட்கார்ந்தாத்தான் மேனேஜர்” என்றார். நர்ஸ் பானை அளவுக்கு ஒரு மெத்தைக் காலணியை மாட்டிவிட்டாள். அதைப் பார்த்த எட்டரை, “இந்த சைஸுக்கு நம்பரே கிடையாதே!” என்று வாயைப் பிளந்தார்.

திரும்பும் வண்டியில் பின்சீட்டில் அவரைச் சாய்த்து உட்கார வைத்தார்கள். இடது கால் முழுவதும் அக்காவின் மடியில் கிடந்தது. இரண்டு கையாலும் அதை அணைத்தபடி, “ஏம்ப்பா, பள்ளம் பார்த்து மெதுவாப் போ” என்று டிரைவரை அதட்டினாள்.

“யாருக்கும்மா உடம்பு சரியில்லை?”

“அதெல்லாம் ஒண்ணுமில்லை. குழந்தை தூங்குது” என்றாள் அக்கா.