அச்சகத்தில் முழங்கிய இரகசியம்

மழையால் நடக்காமலே போன எங்கள் திருவள்ளூர்க் கூட்டம், மறுநாள் நாளிதழில் சிறப்பாக நடந்திருந்தது. நான் முழங்கியதாகவும் இரண்டு வரி. அமைப்பாளரிடம் கைநீட்டிக் காசு வாங்கிய உள்ளூர் நிருபர் வீட்டிலிருந்தே எழுதிய செய்தி அது. பேசாத பேச்சுக்குப் புகழ் வாங்க நான் மேடையேறியவனல்லன்.

சென்னையில் ஒரு வார இதழாசிரியரிடம் இதை இரகசியமாகச் சொல்லச் சென்றேன். அந்த நிருபரே எங்களூர்ப் பத்திரிகை ஏஜெண்ட். என் அண்ணன் அவரிடம்தான் ஸ்டேஷனில் பத்திரிகை விற்கும் வேலை பார்த்தார். என் பெயர் வெளிவந்தால் அண்ணன் பிழைப்பு போய்விடும்.

ஆசிரியரின் மேசை அச்சகத்துக்குள்ளேயே இருந்தது. தணிந்த குரலில்தான் தொடங்கினேன். அச்சு இயந்திரம் ஓடத் தொடங்கியது. இரைச்சல் எழுந்தால் அதற்கு மேலே குரலை உயர்த்துவது மேடைப் பழக்கம். நிருபர் பெயர், அண்ணன் வேலை அனைத்தையும் கையை வீசி முழங்கி முடித்தபோது, அச்சுக்கோப்பவர் ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். எங்களூரான திருநின்றவூரிலிருந்து ரயிலில் வருபவர், அண்ணனுக்குப் பழக்கமானவர். வீசிய கையைச் சட்டென்று மடக்கிக்கொண்டேன்.

இயந்திரம் நின்றதும் அவர் சிரித்தார். "இன்னா தம்பி, கையி காலெல்லாம் ஆடுது, ஒண்ணுமே கேக்கல! கூத்து கட்டிக்கினு இருந்தியா?"

"எனக்குந்தான் கேக்கல. கிட்ட வந்து காதுல சொல்லுப்பா" என்றார் ஆசிரியர்.

என் பேச்சு எவருக்கும் கேட்கவில்லை என்று நான் மகிழ்ந்தது அன்று மட்டுமே. குனிந்து, அடுக்குமொழி ஏதுமின்றிச் சொன்னேன். அடுத்த வாரம் எங்கள் பெயரில்லாமல் செய்தி வந்தது. கூட்டம் நடக்காதது ஊருக்கே தெரியுமாதலால், சொன்னவர் யாரென்று நிருபருக்குப் பிடிபடவில்லை. அண்ணன் வழக்கம்போல் ஸ்டேஷனில் பத்திரிகை கூவிக்கொண்டிருந்தார்.