மீதியை அவர் சொல்லிவிடுவார்

அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் 'சுருக்கம்'. வண்டிகளின் உதிரி பாகங்களை வெளியூர்களுக்கு அனுப்பும் கம்பெனியில் அனுப்புதல் பிரிவுக்கு மேனேஜர். யார் அறைக்குள் நுழைந்தாலும் "சுருக்கமா சொல்லுங்க" என்றுதான் ஆரம்பிப்பார். அவருடைய நாற்காலிக்குப் பின்னால் ஒரு பெரிய கடிகாரம் மாட்டியிருந்தது. அது அவர் கண்ணில் படாது. எதிரே உட்கார்ந்து பேசுகிறவர் கண்ணில்தான் படும். யோசித்தே அப்படி மாட்டியிருந்தார்.

சனிக்கிழமைகளில் ஒரு மேலாண்மைக் கல்லூரியில் நேர நிர்வாகம் பற்றி வகுப்பெடுத்தார். மாணவர்கள் தூங்காத வகுப்பு அது.

"மேனேஜரோட நேரத்தைத் தின்கிறது வேலை இல்ல, பேச்சு. ஒருத்தர் பாதி சொன்னதுமே மீதி உங்களுக்குத் தெரிஞ்சிடும். தெரிஞ்சதை எதுக்கு உட்கார்ந்து கேட்டுக்கிட்டு இருக்கணும்? நீங்களே முடிச்சு வைங்க. 'சரியா?'ன்னு கேளுங்க. அவர் ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "நாம தப்பா முடிச்சிட்டா சார்?"

"தப்புன்னு சொல்லிட்டுப் போறாங்க. வாய் இருக்குல்ல?"

வகுப்பு சிரித்தது.

வெறும் வாய்ச்சவடால் இல்லை, நிஜமாகவே அவருக்கு அது கைவந்திருந்தது. டிரைவர் வந்து, "சார், அந்தப் பெரிய வண்டி..." என்று தலையைச் சொறிவதற்குள், "பிரேக் இழுக்குது, இன்னிக்கு எடுக்க வேணாம். சரியா?" என்பார். "சரி சார்" என்று வெளியே வரும் டிரைவர், "மண்டைக்குள்ள கேமரா வச்சிருக்காருப்பா" என்று ஆச்சரியப்படுவான். மற்ற மேனேஜர்கள் பைல்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, இவர் பொழுது சாயும்போதே வீட்டில் இருப்பார். வீட்டைக் கவனிக்காத மனிதர் என்று யாரும் அவரைச் சொல்ல முடியாது.

அந்த வீட்டில் ஒரே மகள். அவளுக்குத் திக்குவாய்.

குழந்தை ஒரு எழுத்தில் மாட்டிக்கொண்டு முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து நிற்பதைப் பார்க்க அவருக்குப் பொறுக்காது. "ப... ப..." என்று அவள் தொடங்கினால், "பள்ளிக்கூடத்துல என்னம்மா? டீச்சர் திட்டினாங்களா? சரியா?" என்று எடுத்துக் கொடுப்பார். அவள் தலையாட்டுவாள். கஷ்டப்படுகிறவள் தலையிலிருந்து மூட்டையை இறக்கி வாங்கிக்கொள்வதாகத்தான் அவர் நினைத்தார். வளர வளர, அவள் பாதியில் நிறுத்தி அவர் முகத்தைப் பார்க்கப் பழகிவிட்டாள். மீதியை அவர் சொல்லிவிடுவார். அவள் "ச... சரிப்பா" என்பாள். அது சரியாக இருந்ததா இல்லையா என்று யாரும் கேட்கவில்லை.

மனைவி ஒருத்திதான் கேட்டாள், அதுவும் விளையாட்டாக. "இந்த வீட்ல பாதிப் பேச்சு நான் பேசுறேன், மீதிப் பேச்சை நீங்க பேசிடுறீங்க. அவ என்னத்தைப் பேசுவா, பாவம்?"

அம்மாவிடம் மகள் பேசினாள். காய் நறுக்கும்போது, துணி மடிக்கும்போது, இழுத்து இழுத்து, நேரம் போவது தெரியாமல். அதை மனைவி பிறகு கணவனுக்கு ரத்தினச் சுருக்கமாக ஒப்பித்தாள். "அவளுக்குப் படம் வரையற படிப்புதான் வேணுமாம்." "அந்தப் பையனைப் பிடிச்சிருக்காம்." இந்த ஏற்பாடு எல்லோருக்கும் வசதியாக இருந்தது. மகள் படித்தாள், துணிகளுக்குப் பூ வரைந்து கொடுக்கும் வேலைக்குப் போனாள், கல்யாணமாகி ஊரின் மறுகோடியில் மூன்றாவது மாடியில் குடிபோனாள்.

ஒருநாள் மகளைப் பார்க்கப் போன மனைவி படியேற முடியாமல் நடுவில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு இரைத்தது, நெற்றி வேர்த்தது. பதறி ஓடிவந்த மகளிடம், "ஒண்ணுமில்லடி. அப்பாகிட்ட சொல்லிடாதே. என்னையும் ஒரு அட்டவணையில போட்டுடுவாரு" என்று சிரித்தாள்.

மறுநாள் காலை மகள் போன் செய்தாள். போனில் அவள் பேசுவதே அபூர்வம். அவர் மீட்டிங்குக்காக எழுந்துகொண்டிருந்தார்.

"அப்பா... அ... அ... அம்மாவுக்கு..."

"அம்மாவுக்கு வருஷா வருஷம் பண்ற செக்கப்தானே? அடுத்த வாரம் போட்டிருக்கேன்மா. டாக்டர்கிட்டயும் சொல்லியாச்சு. சரியா?"

போனில் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.

"ச... சரிப்பா."

செக்கப்புக்கு முந்தின நாள், கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த மனைவி சரிந்து விழுந்தாள். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. இதயக் குழாயில் அடைப்பு என்றார் டாக்டர். "கொஞ்ச நாளாவே மூச்சு வாங்கியிருக்குமே. வீட்ல யாரும் கவனிக்கலையா?"

"இல்ல டாக்டர்" என்றார் அவர்.

பக்கத்தில் நின்ற மகளின் உதடு துடித்தது. ஏதோ ஒரு எழுத்தைப் பிடிக்கத் தவித்தாள். அவர் அவள் தோளை அணைத்துக்கொண்டார். "அவளுக்கும் ஒண்ணும் தெரியாது, டாக்டர்."

சாவு வீட்டுக்கு வந்தவர்கள் கலைந்து போனார்கள். அவர் மறுபடி வேலைக்குப் போனார். மகள் அவ்வப்போது போன் செய்து, "சா... சாப்பிட்டீங்களா?" என்று கேட்பாள். "சாப்பிட்டேன்மா. நீ?" "ம்." அதற்கு மேல் இருவருக்கும் வழி தெரியவில்லை. எடுத்துச் சொல்ல ஆள் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சொல்லாமல் கொள்ளாமல் மகள் வீட்டுக்குப் போனார். மூன்றாவது மாடியை எட்டியபோது கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே ஒரு பெண்குரல் பேசிக்கொண்டிருந்தது. யாரோ விருந்தாளி என்று தயங்கி நின்றார். அது மகளின் குரல் என்று புரியச் சற்று நேரமாயிற்று. இவ்வளவு நீளமாக அவள் பேசி அவர் கேட்டதே இல்லை.

"...ப... படியில உட்கார்ந்துட்டாங்கக்கா. மு... முகமெல்லாம் வேர்வை. நான் அப்பாகிட்ட சொ... சொல்லணும்னு ராத்திரி பூரா ஒ... ஒத்திகை பார்த்தேன்."

"ம்" என்றாள் இன்னொருத்தி. பக்கத்து வீட்டுத் தையல்காரி. "இரு, இந்த நூல் வேற கோக்கவே மாட்டேங்குது, கண்ணா இது, பொத்தலா... ம், சொல்லு. அப்புறம்?"

"போன்ல... அ... அம்மாவுக்குன்னு ஆரம்பிச்சேன். அ... அவர் செக்கப்னு சொன்னாரு. இ... இல்லப்பான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? எ... என் வாய்ல வரலைக்கா. நா... நான்தான் அம்மாவைக் கொன்னுட்டேன்."

"அடிப் பைத்தியமே" என்றாள் தையல்காரி. மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. யாருடையது என்று தெரியவில்லை.

அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்படியே திரும்பிப் போய்விடலாம் என்று இரண்டு படி இறங்கினார். அவள் கடைசியாகச் சொன்னது காலைக் கட்டியது. ஏறி வந்து கதவைத் தள்ளினார்.

"வாங்க சார், நூறு ஆயுசு, இப்பத்தான் உங்களை..." தையல்காரி நாக்கைக் கடித்துக்கொண்டாள். மடியில் கிடந்த துணியைச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள்.

மகள் முகத்தை அழுந்தத் துடைத்தாள். "வா... வாங்கப்பா. கா..."

"காபி வேணாம்மா."

வாய் தானாக முடித்துவிட்டது. அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"வெளியே நின்னு கேட்டேன்மா. உன் மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான் கேட்கல. இப்பச் சொல்லு. அன்னிக்கு என்கிட்ட சொல்ல வந்ததை முழுசா சொல்லு. நான் குறுக்கே வர மாட்டேன்."

அவள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். "அ... அ..." என்றாள். கழுத்து நரம்பு புடைத்தது. அவள் கண் அவருடைய உதட்டின் மேல் நின்றது. வழக்கமாக நிற்கும் இடத்தில், வழக்கமாக வரும் பஸ்ஸுக்கு நிற்பதுபோலக் காத்திருந்தாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"நீ... நீங்களே சொல்லிடுங்கப்பா."

அதில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது. அவருக்கு இந்த முறை அந்த வாக்கியம் முழுசாகத் தெரியும், படி, வேர்வை, எல்லாம்.

"இல்லம்மா. நீ சொல்லு."

அவள் இன்னொரு முறை முயன்றாள். வாசல்வரை போன தையல்காரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எழுத்து வரவில்லை. மகள் தலையை ஆட்டிவிட்டு எழுந்தாள்.

"பா... பால் பொங்கிடும்பா" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனாள்.

அடுப்பு எரியவில்லை என்பது அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்தே தெரிந்தது.