கல்குவாரித் தண்ணீரும் மச்சானின் வெள்ளைத் துணியும்

புக்கிட் தீமா கல்குவாரியில் எனக்குத் தண்ணீர் இறைக்கும் வேலை. வெட்ட வெட்ட ஆழமாகிக்கொண்டே போன பள்ளத்தில் ஊற்றுநீரும் மழைநீரும் சேர்ந்து நிற்கும். காலையில் நீராவிப் பம்பை ஓட்டி வற்றவைத்தால்தான் ஆட்கள் இறங்கிப் பாறையில் துளை போடமுடியும். இறைத்த தண்ணீர் கல்தூளோடு சாம்பல் நிறத்தில் ஓடையில் விழும். அந்த ஓடையில் முன்பு கெளுத்தி மீன் துள்ளும். நான் வேலைக்குச் சேர்ந்த மறுவருஷம் ஒன்றையும் காணோம். அதைப் பார்த்துக்கொண்டேதான் பம்பை ஓட்டினேன்.

இரண்டு மைல் கீழே என் அக்கா புருஷன், சிராங்கூன் சாலை வீடுகளின் துணிகளை வாங்கி வந்து அதே ஓடையில் வெளுத்துக்கொண்டிருந்தார்.

"மாப்ளே, துரையம்மா கவுன் உப்புத்தாள் மாதிரி இருக்காம். அவங்க உடுத்துறதா, பாத்திரம் தேய்க்கிறதா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அதற்குள் இரண்டு வீடு கைவிட்டுப் போயிருந்தது.

துணியில் ஏறிய அந்தக் கல்தூள் நான் இறைத்துவிட்டதுதான். மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான், வேறு வழி தோன்றவில்லை. அவர் துவைத்து முடிக்கும் மதியம்வரை பம்பைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் கேட்டால், "பாய்லர் சூடேறலைங்க" என்பேன். முதல்நாள் மாலைவரை இறைத்திருந்ததால் காலையில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். ஆட்கள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள்.

பிறகு மழைக்காலம் வந்தது. ஒரு காலையில் இடுப்பளவு தண்ணீர். அன்றைக்குத்தான் மச்சானிடம் ஒரு துரை வீட்டு விருந்து மேசை விரிப்புகள் அத்தனையும் இருந்தன. அதுவும் கெட்டால் அவருக்கு வேலையே கிடையாது. ஓட்டவா, வேண்டாமா என்று பம்பைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஓட்டவில்லை. ஆட்கள் கரையில் குந்தியிருந்தார்கள். மண்டோர் வந்து பாய்லரில் கைவைத்துப் பார்த்தார். அடுப்பே பற்றவைக்கவில்லை.

"சூடேறலையா? நெருப்பில்லாம எப்படிடா ஏறும்? போ, போய்க் கல்லைச் சும!"

மறுநாள் வேறொருவன் விடியற்காலையிலேயே பம்பை ஓட்டினான். நான் மச்சானிடம் சொல்லப் போனபோது அவர் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாராம்.

"குவாரிக்கு மேலே ஓடை சுத்தமாத்தானே இருக்கு? அங்கே போயிடுறேன்."

"தினமும் அவ்வளவு தூரமா, மச்சான்?"

"விரிப்பு நல்லா வெளுத்துச்சு மாப்ளே. அந்த வீடு நம்மகிட்டயே நிக்கும்," என்றார்.

மறுநாளிலிருந்து துணிமூட்டையோடு குவாரியைத் தாண்டிப் போனார். நான் தலையில் கல்லோடு ஏறி வருவேன். நின்று பேச இரண்டு பேருக்கும் மூச்சு இருக்காது.